மடிக்கணினி புதிது, கணக்கு யாருடையது?

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கெடா மாநிலத் தோட்டப்புறங்களில் ஒரு பிள்ளை மெட்ரிகுலேஷனுக்கோ பல்கலைக்கழகத்துக்கோ தேர்வாகிவிட்டால், அந்த வீட்டில் வாங்கப்படும் முதல் பெரிய பொருள் மடிக்கணினிதான். அப்பாவின் கூடுதல் வேலைப் பணம், அம்மா கூட்டு கட்டி எடுத்த பணம், மாமா கொடுத்த ஐந்நூறு வெள்ளி என்று பல கைகள் சேர்ந்துதான் அந்தப் பொருள் வீட்டுக்கு வருகிறது. சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ வாங்கி வந்து, சாமி மேடையில் வைத்துப் பொட்டிட்டுத் திறக்கிறார்கள். திரை ஒளிர்கிறது. மின்னஞ்சல் முகவரி என்ன என்று கேட்கிறது. பிறகு கடவுச்சொல் கேட்கிறது. அதற்குப் பிறகு ஏதோ ஓர் எண்ணுக்குக் குறியீடு அனுப்பியிருப்பதாகச் சொல்கிறது. அந்த எண் யாருடையது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை!

மறுநாள் மடிக்கணினி கடைக்குத் திரும்புகிறது. கடைக்காரர் பார்த்துவிட்டு, "பொருளில் ஒரு குறையும் இல்லை" என்கிறார். அவர் சொல்வது உண்மை. குறை பொருளில் இல்லை, கணக்கில் இருக்கிறது. புது மடிக்கணினி வாங்கியவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

பெரட்டுக் களமும் மேகக் கணக்கும்

மேகக் கணினி, மேகக் கணக்கு என்ற சொற்களைக் கேட்டவுடன் இது படித்தவர்கள் விவகாரம் என்று ஒதுங்க வேண்டியதில்லை. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புரிந்த சங்கதிதான். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கிராணி பேர் கூப்பிடுவார். செக்ரோலில் பேர் இருந்தால்தான் அன்றைய கணக்கில் கூலி ஏறும். ஒருவர் எவ்வளவு பெரிய உழைப்பாளியாக இருந்தாலும், பேர் ஏட்டில் இல்லாவிட்டால் அன்று அவர் வேற்று ஆள்.

கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் ஆகிய நிறுவனங்களும் இப்படித்தான் ஏடு வைத்திருக்கின்றன. பிள்ளையின் பாட ஏடுகள், குடும்பப் படங்கள், விண்ணப்பக் கடிதங்கள் யாவும் எங்கோ இருக்கும் அந்த நிறுவனங்களின் பெரிய கணினிகளில் ஒரு பெயரின் கீழ் கிடக்கின்றன. புது மடிக்கணினி என்பது களத்துக்கு முதல் நாள் வந்த புது முகம். கடவுச்சொல் சரியாக இருந்தாலும், "இந்த ஆளை இதற்கு முன் பார்த்ததில்லையே" என்று ஏடு தயங்குகிறது. அதனால்தான் பழைய கைத்தொலைபேசிக்குக் குறியீடு அனுப்பி உறுதி கேட்கிறது. இது கோளாறு அன்று, காவல்.

இந்தக் கணக்குகள் எப்படி வந்தன?

2020 மார்ச் 18 அன்று நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கல்வி அமைச்சு 'டெலிமா' என்னும் இணையக் கற்றல் தளத்தை அறிமுகப்படுத்தியது. மாணவர்களுக்கு எம் என்ற எழுத்தில் தொடங்கும் அடையாள முகவரி வழங்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தையொட்டி வந்த 'செர்டிக்' திட்டத்தின் வழி 500 பள்ளிகளைச் சேர்ந்த 1 லட்சத்து 50 ஆயிரம் மாணவர்களுக்கு மடிக்கணினிகளும் தட்டைக் கணினிகளும் இரவலாக வழங்கத் திட்டமிடப்பட்டது.

அந்த அவசர காலத்தில் பாடம் நடக்க வேண்டும் என்பதுதான் எல்லாருடைய கவலையும். அப்பாவின் கைத்தொலைபேசியில் அண்ணன் ஒரு கணக்கைத் திறந்தான். கைத்தொலைபேசிக் கடைப் பையன் ஒன்றைத் திறந்து கொடுத்தான். பக்கத்து வீட்டு அக்கா இன்னொன்றைத் திறந்தாள். கடவுச்சொல்லை யாரும் எழுதி வைக்கவில்லை. பிறந்த தேதிக்குக் கைக்கு வந்த எண்களைப் போட்டார்கள். அன்று அவசரத்தில் போட்ட முடிச்சுகள்தாம் இன்று புது மடிக்கணினியின் முன் அமர்ந்திருக்கும் பிள்ளையின் கையில் சிக்கலாக வந்து நிற்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியவை

கதவு திறக்கவில்லை என்றால் உடனே பூட்டை உடைக்கலாமா? ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிப்பதே முறை.

முதலாவது, கோளாறு வீட்டிலா, வெளியிலா? 2020 டிசம்பர் 14 அன்று மலேசிய நேரப்படி இரவு 7.45 மணியிலிருந்து ஏறத்தாழ 45 நிமிடங்கள், உலகெங்கும் ஜிமெயிலும் யூடியூபும் கூகுளின் பிற சேவைகளும் முடங்கின. ஆளை அடையாளம் காணும் பகுதிக்கு ஒதுக்கப்பட்ட கொள்ளளவு தவறாகக் குறைக்கப்பட்டதே காரணம் என்று அந்நிறுவனம் பின்னர் விளக்கியது. அந்த நேரத்தில் கடவுச்சொல்லை மாற்றப் புறப்பட்டவர்கள் வீணாகக் குழம்பியிருப்பார்கள். ஆகவே, அதே கணக்கு பழைய கைத்தொலைபேசியில் திறக்கிறதா, வேறொருவர் கணக்கு இந்த மடிக்கணினியில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது, இணைய இணைப்பு. உணவகம், கல்லூரி விடுதி போன்ற இடங்களில் கம்பியில்லா இணைப்பு கிடைத்ததாகத் திரை காட்டினாலும், அந்த இடத்துக்குரிய வரவேற்புப் பக்கத்தில் ஒப்புதல் தரும்வரை எதுவும் உள்ளே போகாது. தோட்டங்களில் கைத்தொலைபேசி வழி இணைப்பு எடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நாட்டில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டது. 4ஜி வசதி இல்லாத மிகப் பழைய கைத்தொலைபேசியை வைத்து இணைப்பு எடுக்க முயன்றால், பெயருக்குத்தான் இணைப்பு இருக்கும், வேலைக்கு ஆகாது.

மூன்றாவது, கடிகாரம். பலர் சிரிப்பார்கள், ஆனால் சிக்கலில் பாதி நேரம் இதை யாரும் பார்ப்பதே இல்லை. பாதுகாப்பான இணையப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. மடிக்கணினியின் தேதி பல மாதங்களோ ஆண்டுகளோ தவறியிருந்தால் சான்றிதழ் செல்லாதது போலத் தோன்றும், பக்கம் திறக்காது. சில செயலிகள் 30 விநாடிக்கு ஒரு முறை மாறும் குறியீட்டைத் தருகின்றன. அவையும் கடிகாரத்தை நம்பியே இயங்குகின்றன. புது மடிக்கணினியில் வேறு நாட்டு நேர வலயம் இருக்கலாம். வாங்கியவர் வலயத்தை மாற்றாமல் மணியை மட்டும் கையால் திருப்பி வைத்தால், பார்வைக்கு நேரம் சரி, உள்கணக்கு தவறு. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்து, உலக நேரத்துக்கு 8 மணி நேரம் முந்திய வலயத்துக்கு வந்தது. கோலாலம்பூர், சிங்கப்பூர் வலயத்தைத் தேர்ந்தெடுத்து, நேரம் தானாக அமையும்படி விட்டுவிட்டால் போதும்.

எந்தச் சாவி, எந்தப் பூட்டு?

நான்காவதாக வருவதுதான் பெரும் குழப்பம். விண்டோஸ் மடிக்கணினியை முதலில் திறக்கும்போது அது கேட்பது மைக்ரோசாப்ட் கணக்கு. கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை அங்கே போட்டால் எப்படித் திறக்கும்? இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஜிமெயில் முகவரியைக் கொண்டே மைக்ரோசாப்ட் கணக்கு ஒன்றைத் திறக்க முடியும். முகவரி ஒன்றாக இருந்தாலும் கணக்குகள் இரண்டு, கடவுச்சொற்களும் இரண்டு. ஒரே வீட்டு எண் எழுதிய இரண்டு கதவுகள் போல!

மூன்றாவது கதவு பள்ளிக் கணக்கு. டெலிமா அடையாளத்தின் கடவுச்சொல் மறந்துவிட்டால் கூகுளிடமோ மைக்ரோசாப்டிடமோ முறையிட்டுப் பயனில்லை. அது பள்ளியின் ஏட்டில் உள்ள பெயர். பள்ளியில் அதற்குப் பொறுப்பான ஆசிரியர் வழியாகத்தான் மீட்க வேண்டும். பல்கலைக்கழகக் கணக்கும் அப்படியே. சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகமானாலும் பீடோங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமானாலும், மாணவர் கணக்கைத் தந்த இடத்தின் கணினிப் பிரிவைத்தான் நாட வேண்டும். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூரிலோ சனியும் ஞாயிறும். மாநிலத்துப் பள்ளியிலும் தலைநகர அலுவலகத்திலும் ஒரே நாளில் ஆள் கிடைக்க வேண்டுமானால் திங்கள் முதல் வியாழன் வரைதான் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்தது 'பின்' எண். விண்டோஸ் கேட்கும் அந்தச் சிறிய எண் அந்த ஒரு மடிக்கணினிக்கு மட்டுமே உரியது. பழைய மடிக்கணினியின் 'பின்' எண்ணைப் புதியதில் போட்டுவிட்டு, "கடவுச்சொல்லை ஏற்கவில்லை" என்று வருந்துபவர்கள் உண்டு. புதியதில் முதல் முறை கணக்கின் முழுக் கடவுச்சொல்லைத்தான் கேட்கும். எழுதும்போது பெரிய எழுத்துப் பொத்தான் அமுங்கியிருக்கிறதா, முடிவில் இடைவெளி விழுந்திருக்கிறதா என்பதைக் கண் வடிவக் குறியை அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

குறியீடு வராத எண்

இனி, மிக வலிக்கும் இடத்துக்கு வருவோம். கடவுச்சொல் சரி, ஆனால் குறியீடு போகும் எண் பழைய எண். முன்கட்டண எண்ணில் குறித்த காலத்துக்குள் பணம் ஏற்றாவிட்டால் அந்த எண் செயலிழக்கும். பின்னர் அதே எண் வேறொருவர் கைக்குப் போகவும் கூடும். மாதக் கடைசியில் காசு இல்லாமல் எண்ணைக் கைவிடுவதும், மலிவான சலுகை வந்ததும் புது எண் வாங்குவதும் தோட்டப்புறத்தில் சாதாரணம். இந்தப் பாதுகாப்பு முறையோ, ஒருவருக்கு ஒரு கைத்தொலைபேசி, பல ஆண்டுகளுக்கு ஒரே எண் என்று எண்ணிக்கொண்டு உருவாக்கப்பட்டது. நால்வருக்கு ஒரு கைத்தொலைபேசி உள்ள வீட்டை அது கணக்கில் கொள்ளவில்லை. நிறுவனங்களை நோக்கி இந்தக் குறையைச் சொல்லத்தான் வேண்டும். அதேவேளையில், இந்தக் காவல் இல்லாதிருந்தால் திருடர்களுக்கு வாசல் திறந்ததாகிவிடும் என்பதையும் மறுக்க முடியாது.

எண் கைவிட்டுப் போனவர்கள் முதலில் செய்யும் தவறு, புது மடிக்கணினியில் அமர்ந்து திரும்பத் திரும்ப முயல்வது. முயற்சிகள் கூடக்கூட ஐயமும் கூடும். கணக்கு சிறிது காலம் பூட்டப்படும். கூகுள் கணக்கை மீட்க, வழக்கமாகப் பயன்படுத்திய கைத்தொலைபேசியிலிருந்து, வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்து முயல வேண்டும் என்பதே அந்நிறுவனத்தின் அறிவுரை. திரை உடைந்து அலமாரியில் கிடக்கும் பழைய கைத்தொலைபேசியை இதற்காகவே சார்ஜ் ஏற்றிப் பார்க்கலாம். கணக்கு அதில் இன்னும் திறந்திருந்தால், அங்கேயே புது எண்ணைச் சேர்த்துவிடலாம். பழைய பொருள்தானே என்று அதை விற்றுவிட்ட பிறகு வருந்திப் பயனில்லை.

மைக்ரோசாப்ட் கணக்குக்கு மீட்பு விண்ணப்பப் படிவம் உண்டு. பெயர், பிறந்த தேதி, பழைய கடவுச்சொற்கள், அண்மையில் அனுப்பிய மின்னஞ்சல்களின் தலைப்பு போன்றவற்றைக் கேட்பார்கள். ஆனால் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி வைத்திருந்தால் அந்தப் படிவம் உதவாது. பழைய பாதுகாப்பு விவரங்கள் அனைத்தையும் நீக்கிப் புதியவற்றைப் போட நேர்ந்தால் 30 நாள் காத்திருக்க வேண்டும். பதிவு நாளுக்கு இரண்டு நாள் முன்பு கணக்கைத் தேடத் தொடங்கும் பிள்ளைக்கு 30 நாள் என்பது எவ்வளவு பெரிய காலம்!

இங்கே நம்மவர் பெயரும் ஒரு சிக்கல். அடையாள அட்டையில் தன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே ஏ/எல் அல்லது ஏ/பி என்று இருக்கும். கணக்குத் திறக்கும் படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரு கட்டங்களைத்தான் காட்டும். ஒருவர் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருப்பார். இன்னொருவர் தலைப்பெழுத்தை மட்டும் போட்டிருப்பார். மற்றொருவர் ஏ/எல் என்பதையே சேர்த்திருப்பார். ஆண்டுகள் கழித்து மீட்புப் படிவம் கேட்கும்போது அடையாள அட்டையில் உள்ளபடி எழுதுவது மட்டும் போதாது. கணக்கைத் திறந்த அன்று எப்படி எழுதினார்களோ அப்படி எழுத வேண்டும்.

பூட்டிய பெட்டிக்குள் புதையல்

கணக்குப் போனால் இன்னொன்று திறந்துகொண்டால் ஆயிற்று என்று நினைப்பவர்கள் ஒரு விவரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்றைய விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்ததும் உள்ளே உள்ள கோப்புகள் தாமாகவே மறைகுறியாக்கப்படுகின்றன. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண் அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. பின்னாளில் பழுது பார்த்த பிறகு மடிக்கணினி அந்த எண்ணைக் கேட்கக்கூடும். கடைப் பையன் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு பெயரில் கணக்குத் திறந்து கொடுத்திருந்தால், அந்த 48 இலக்கம் யாருக்கும் எட்டாத இடத்தில் கிடக்கும். மடிக்கணினியை வெறுமையாக்கி மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் மூன்று பருவத்துப் பாட ஏடுகளும் ஆய்வுக் கட்டுரையும் திரும்பி வரா.

பழைய மடிக்கணினி வாங்குவோர்க்கும் இதே எச்சரிக்கை. ஆப்பிள் கணினியானால் முந்தைய உரிமையாளர் தம் கணக்கை நீக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது திறக்காமலே போகலாம். விண்டோஸ் மடிக்கணினி தொடக்கத்திலேயே ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அந்த நிறுவனக் கணக்கைக் கேட்டால், அந்தப் பொருள் இன்னும் அந்த நிறுவன ஏட்டில் இருக்கிறது என்று பொருள். காசு கொடுப்பதற்கு முன், கடையிலேயே திறந்து தன் கணக்கில் நுழைந்து பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

உதவி என்று வருபவர்கள்

கணக்குத் திறக்காத பதற்றத்தில் இணையத்தில் உதவி எண் தேடுகிறார்கள். அங்கே போலிகளும் காத்திருக்கிறார்கள். ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். மடிக்கணினி அவர்கள் கைக்குப் போய்விடும். "உங்கள் கைத்தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்பார்கள். அந்த ஆறு இலக்கம்தான் வீட்டுச் சாவி. கூகுளோ மைக்ரோசாப்டோ தாமாகத் தொலைபேசியில் அழைத்துக் குறியீடு கேட்பதில்லை. வங்கிப் பணம் பறிபோனதாகத் தெரிந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் வங்கியையும், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண்ணையும் அழைக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் நட்டம்தான் வளரும்.

வீட்டுக்கு ஒரு குறிப்பேடு

"இவ்வளவு தொல்லை எதற்கு? வீட்டுக்கு ஒரே கணக்கு போதாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போதாது. அண்ணன் கடவுச்சொல்லை மாற்றினால் தங்கையின் விண்ணப்பம் நின்றுபோகும். உயர்கல்வி விண்ணப்பத்தின் முடிவும், கல்விக் கடனுதவிக் கடிதமும் மின்னஞ்சல் வழியும் இணையம் வழியுமே வருகின்றன. அஞ்சல்காரர் தோட்ட அலுவலகத்தில் கடிதத்தை வைத்துவிட்டுப் போன காலத்தில், ஒருவர் கடிதம் இன்னொருவர் கைக்குப் போய் வாய்ப்பு தவறிய கதைகளைப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று கடிதம் போகாத இடமே இல்லை. ஆனால் அதைத் திறக்கும் சாவி தொலைந்துவிடுகிறது.

வழி எளிது. பிறப்புப் பத்திரம் இருக்கும் அதே பெட்டியில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். ஆளுக்கு ஒரு பக்கம். கணக்கின் முழு முகவரி, அது கூகுளா மைக்ரோசாப்டா பள்ளியா என்ற விவரம், திறந்த தேதி, அன்று எழுதிய பெயரும் பிறந்த தேதியும், இணைத்த தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். இருபடிச் சரிபார்ப்பு உள்ள கூகுள் கணக்குக்கு 10 மாற்றுக் குறியீடுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் 8 இலக்கம். ஒரு முறைதான் செல்லும். தொலைபேசியே இல்லாத நாளிலும் அவை கதவைத் திறக்கும். அவற்றை அந்தப் பக்கத்தில் ஒட்டிவிடலாம். இரண்டாவது எண்ணாக வீட்டில் நிலையான எண் வைத்திருப்பவரின் எண்ணைச் சேர்க்கலாம். எண்ணை மாற்றும் முன், கணக்கில் மாற்றிவிட்டுத்தான் பழைய எண்ணைக் கைவிட வேண்டும். இந்த வரிசையைத் தவறவிடாதிருந்தாலே பாதிச் சிக்கல் பிறக்காது.

இன்னும் இரண்டு செய்திகள். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. தாத்தாவின் படங்கள் இருக்கும் பழைய கணக்கை அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். பள்ளிக் கணக்கு பள்ளிக்கு உரியது. ஐந்தாம் படிவம் முடித்த பின்னும் அது நீடிக்கும் என்று நம்பி இருக்காமல், தேவையானவற்றைச் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் பாடாங் செராய், லூனாஸ், பீடோங், சுங்கைப் பட்டாணி என்று சிதறியபோது, கையில் சரியான பத்திரம் இல்லாதவர்கள் எவ்வளவு அலைந்தார்கள் என்பதைக் கெடா தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிக்கூட வாசலில் நின்ற பிள்ளைகளையும் இந்தச் சமுதாயம் பார்த்திருக்கிறது. மேகக் கணக்கும் இன்று அப்படி ஒரு பத்திரம்தான். ஆலயங்களும் இளைஞர் மன்றங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஒரு விடுமுறை நாளில் நான்கு மேசை போட்டு அமர்ந்து, வருகிறவர்களின் கணக்குகளைச் சரிபார்த்து, குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்தால், அது ஒரு பெரிய கல்விப் பணியாக அமையும். எழுதுகிறவர் கடவுச்சொல்லைக் கேட்கக் கூடாது. உரியவரே தம் கையால் எழுத வேண்டும். அது ஒன்றே நிபந்தனை.

மடிக்கணினிக்குப் பொட்டு வைக்கும் நல்ல நாளிலேயே அந்தக் குறிப்பேட்டுக்கும் பிள்ளையார் சுழி போட்டுவிடுங்கள்.